குச்சி வந்தால்தான் வழி

நாங்கள் வேலை செய்த ரோட்டில் காலை நேரத்தில் மலை இருக்காது. மேகம் இறங்கி வந்து மலையையும் பள்ளத்தையும் மரங்களையும் விழுங்கிவிட்டு, ரோட்டில் மட்டும் கண்ணுக்கு எட்டுகிற அளவு கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும். அதில் ஆரஞ்சு நிறக் கோன்கள் வரிசையாக நிற்கும். உற்றுப் பார்த்தால் நிற்பதுபோல் இருக்காது, மிதப்பதுபோல் இருக்கும். தார் கொதிக்கிற வாசனை எங்கிருந்தோ வரும். ஜல்லி கொட்டுகிற சத்தம் வேறெங்கிருந்தோ வரும். யாரோ இருமுவார்கள், ஆள் தெரியாது. கனவுக்குள் கூலி வேலை பார்ப்பதுபோல இருக்கும்.

கனவில் லாரி மோதினால் விழித்துக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி இல்லை. அதனால்தான் சேஃப்டி ஆபீசர் என்று என்னை வைத்திருந்தார்கள். ஒரு ஆள் இருந்தாக வேண்டும் என்பது விதி, அதனால் வைத்திருந்தார்கள். நான் சொல்வதைக் கேட்பதற்காக இல்லை. சைட்டில் எனக்குப் பெயர் ‘சட்டம்’. “சட்டம் வருது, தொப்பியப் போடு” என்பார்கள். போட்டுக்கொண்டால் சரி, என்ன வேண்டுமானாலும் கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா சென்ட்ரிங் தச்சர். கான்கிரீட் போடுவதற்குப் பலகை அடிக்கிற வேலை. சாரத்திலிருந்து விழுந்து வலது முட்டி போய்விட்டது. இடுப்பில் ஒரு பெல்ட் இருந்திருந்தால் இன்றைக்கும் ஓடியாடிக்கொண்டிருப்பார். பெல்ட் எல்லாம் ஸ்டோர் ரூமில் புத்தம் புதுசாகப் பூட்டி இருந்ததாம். நான் இந்தப் படிப்பைப் படித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

முட்டி போனவருக்கு நின்ற இடத்திலேயே நிற்கிற வேலைதான் கிடைக்கும். கொடி பிடிக்கிற வேலை. அம்மா வேறொரு கம்பெனியில் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். நான் வேலைக்குச் சேர்ந்த சைட்டிலேயே இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். அப்பா கீழ்முனையில், அம்மா மேல்முனையில், நான் நடுவில். மேனேஜருக்கு இது ரொம்ப நாள் சிரிப்பாக இருந்தது. “குடும்பமே சேர்ந்து ரோட்ட வளைச்சுப் போட்டீங்களே மேடம்” என்பார்.

ரோட்டின் ஒரு பாதியைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தோம். மிச்சப் பாதியில் ஒரு வண்டி போகத்தான் இடம். மேலிருந்து வருகிறவர்கள் ஒரு முறை, கீழிருந்து போகிறவர்கள் ஒரு முறை. இரண்டு முனைக்கும் நடுவில் வளைவுகள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. மலை மறைப்பதால் போனும் எடுக்காது. வாக்கி டாக்கி கேட்டேன். அடுத்த வாரம் என்றார் மேனேஜர். அந்த அடுத்த வாரம் வந்தபாடில்லை.

அதனால் குச்சி வைத்தேன். நெஞ்சுயரக் குச்சி, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தது. அப்பாதான் இழைத்துக் கொடுத்தார். அம்மா மேலிருந்து வண்டிகளை விடும்போது கடைசி வண்டிக்காரர் கையில் குச்சியைக் கொடுப்பாள். “கீழ கொடி பிடிச்சிக்கிட்டு ஒருத்தர் நிப்பாரு, அவருகிட்ட குடுத்துடுங்க.” குச்சி அப்பா கைக்கு வந்துவிட்டால், ரோடு காலி என்று அர்த்தம். பிறகு அப்பா தன் பக்கத்து வண்டிகளை விட்டு, கடைசி வண்டியில் குச்சியை மேலே அனுப்புவார். கையில் குச்சி இல்லாதவர் யாரையும் விடக் கூடாது, மந்திரியே வந்தாலும். குச்சி வரவே இல்லை என்றால் தடுப்பைப் போட்டுவிட்டு, வேலை நடக்கிற இடம் முழுவதையும் நடந்து பார்த்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் விதி.

கண்ணே தெரியாத வெள்ளைக்குள் ஒரு குச்சி இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கும். பெரிய ஏதோ ஒன்று மூச்சு விடுவதுபோல. வளைவில் வேலை செய்கிறவர்கள் அந்த மூச்சை நம்பித்தான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

குச்சிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அது என் விதியில் இல்லாதது. அப்பா கீழே ரோட்டோரத்தில் பூத்த மஞ்சள் பூ ஒன்றைப் பறித்துக் குச்சியின் தலையில் கட்டி அனுப்புவார். கட்டுவதற்கு நூல் அம்மாவுடையது, சேலைத் தலைப்பில் பிரிந்த நீல நூல். அம்மா பூவை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டு, நூலைக் குச்சியிலேயே விட்டுத் திருப்பி அனுப்புவாள். வீட்டில் இரண்டு பேரும் பேசுவதெல்லாம் கேஸ் தீர்ந்துவிட்டதா, கதவைச் சாத்தினாயா என்கிற அளவுதான். குச்சி வழியாக மட்டும் குடும்பம் நடத்தினார்கள். சண்டை போட்ட அன்றைக்குப் பூ இல்லாமல் குச்சி போகும். ரோலர் ஓட்டுகிறவர் அதைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கி சட்டத்தோட வீட்டுல அடுப்பு எரியாது டோய்” என்று கத்துவார். ரோலரின் வேகத்தால் அவருக்கு ஆமை என்று பெயர். ஆமைக்கு வாய் மட்டும் முயல்.

ஒரு நாள் குச்சி போய்விட்டது. அம்மா கொடுத்தனுப்பிய கார்க்காரர், மேகத்தில் அப்பாவைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டார். இரண்டு பக்கமும் வண்டிகள் அடைத்துக்கொண்டு ஹாரன் அடித்தன. அன்றைக்கு நான் நடந்து பார்த்து வழியைத் திறந்தேன். மேனேஜர் ஜீப்பில் வந்து, எல்லார் முன்னாலும் அம்மாவைக் கேட்டார். “எவன்கிட்ட குடுக்கறோம்னு பாத்துக் குடுக்க மாட்டியா? கண்ணு பொடனியிலயா இருக்கு? இன்னொரு தடவ தொலைச்சா வீட்டுக்குப் போயிடு.” அம்மா கொடியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் திருப்பிக் கேட்டேன். கேட்டு என்ன, சொன்ன வார்த்தையை அள்ள முடியுமா?  அப்பா அன்று சாயங்காலமே அதே மரத்தில், அதே அளவில், புதுக் குச்சி இழைத்துப் பட்டை அடித்துவிட்டார்.

அந்தக் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று மேகம் என்றைக்கும் இல்லாத கனமாக இருந்தது. ஆரஞ்சு ஜாக்கெட் போட்டவர்கள் தெரியவில்லை, ஜாக்கெட்டுகள் மட்டும் தெரிந்தன. தலையும் காலும் இல்லாத ஆரஞ்சுகள் குனிந்து நிமிர்ந்து ஜல்லி பரப்பிக்கொண்டிருந்தன. பெரிய வளைவில், கோன் வரிசைக்கு ஒட்டியே வேலை. பெரியக்கா முழங்கால் போட்டு ஓரத்தைத் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தாள். வயதில் எனக்கு அத்தை முறை வரும். ஆனால் அத்தை என்று கூப்பிட்டால் மண்வெட்டியைத் தூக்குவாள். அதனால் எல்லாருக்கும் பெரியக்கா.

மேலிருந்து வண்டிகள் இறங்கின. மங்கிய விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பக்கத்தில் வந்ததும் வண்டியாக மாறி, தாண்டியதும் மறுபடி ஒன்றுமில்லாமல் போயின. கடைசியாக வந்த சின்னக் கார் மட்டும் வளைவிலேயே நின்றுவிட்டது. கதவைத் திறந்து ஒரு பெண் இறங்கி, ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள். புருஷன்காரன் அவள் தலையைப் பிடிப்பதா முதுகைத் தடவுவதா என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தான்.

“வளைவு வளைவா வந்துச்சுல்ல, ஒத்துக்கல” என்றான் என்னிடம், வளைவுகளை நான் போட்டதுபோல.

தண்ணீர் கொடுத்தேன். “அவசரப்படாதீங்க. நீங்க போற வரைக்கும் கீழேர்ந்து ஒரு வண்டியும் வராது. குச்சி உங்ககிட்டதான இருக்கு?”

“இதுவா? இது என் கால்லயே இடிச்சிக்கிட்டு இருக்குங்க. நீங்களே வெச்சுக்கங்களேன்” என்று எடுத்து என்னிடம் நீட்டினான்.

வாங்கி ஊன்றிக்கொண்டேன். நீல நூல் விரலில் பட்டது. உலகத்திலேயே பத்திரமான இடத்தில் நிற்கிறேன் என்று தோன்றியது. சுற்றிலும் வெள்ளை. ரோடு மொத்தமும் என் கையில் ஒரு குச்சியாக இருந்தது. அந்தப் பெண் வாயைக் கொப்பளித்துவிட்டு, “மேகத்துக்கு ஒரு ருசியும் இல்லக்கா” என்றாள். சிரிப்பு வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கீழிருந்து. ஏற்றத்தில் கியர் மாற்றி உறுமுகிற கனமான வண்டி.

முதலில் நான் நம்பவில்லை. பெரியக்காவும் தலையைத் தூக்கினாள். “என்னடி இது, மேகம் உறுமுது?” என்றாள். குச்சி என் கையில் இருக்கிறது. குச்சி இருக்கிற வரைக்கும் கீழிருந்து வண்டி வராது. வண்டி வருகிறது. இப்படிப்பட்ட கணக்கு கனவில்தான் வரும். செத்துப்போனவர் வந்து சாப்பாடு கேட்பார், நாமும் தட்டெடுத்து வைப்போம். நான் ஒரு கணம் அப்படியே குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு முழுதாகப் புரிந்தது. வருகிறவன் வளைவு திரும்பியதும் நட்டநடு ரோட்டில் நிற்கிற காரைப் பார்ப்பான். ஒரு பக்கம் பள்ளம். அதனால் ஒடிப்பது இந்தப் பக்கமாகத்தான் இருக்கும். இந்தப் பக்கம் கோன். கோனுக்கு அப்புறம் பெரியக்காவின் முதுகு.

“எல்லாரும் மேட்டுல ஏறுங்க! எதையும் எடுக்காதீங்க, ஏறுங்க!”

“சட்டம் கத்துதுடி, ஏறு!” என்று ஆமை ரோலரிலிருந்து குதித்தார். அவர் அவ்வளவு வேகமாக அசைந்ததை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. ஜாக்கெட்டுகள் எழும்பி மேட்டுப் பக்கம் பறந்தன. அந்தப் பெண்ணையும் புருஷனையும் யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள். நான் கீழ்நோக்கி ஓடினேன், விசிலை ஊதிக்கொண்டு, குச்சியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு. கால் தரையில் பட்ட ஞாபகம் இல்லை. வெள்ளைக்குள் இரண்டு மஞ்சள் கண்கள் தோன்றிப் பெரிதாகின. கண்களுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் டேங்கர் உருவாகியது.

நான் மேட்டுப் பக்கம் பாய்ந்தேன். பிரேக் கத்தியது. டேங்கரின் பின்பக்கம் ஈர ரோட்டில் மெல்ல, ரொம்ப மெல்ல, ஒரு பெரிய மாடு திரும்பிப் படுப்பதுபோல ஒதுங்கி, கோன்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துக்கொண்டே போய் நின்றது. அப்புறம் சத்தமே இல்லை. ஒரு கோன் மட்டும் எங்கேயோ உருண்டுகொண்டிருந்தது.

எண்ணிப் பார்த்தோம். எல்லாரும் இருந்தார்கள். பெரியக்கா முழங்கால் போட்டிருந்த இடத்தில் டேங்கரின் பின்சக்கரம் நின்றது. அடியில் அவள் மண்வெட்டி இலைபோல வளைந்து கிடந்தது. பெரியக்கா அதைக் குனிந்து பார்த்துவிட்டு, “போன வாரந்தான் புதுசு கேட்டேன், குடுக்க மாட்டேன்னான். இப்பக் குடுத்துத்தான ஆவணும்” என்றாள். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

டேங்கருக்குப் பின்னால் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். கடைசியில் ஒரு பால் வண்டி. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, “இத மேல குடுக்கச் சொன்னாருங்க” என்று நீட்டினார்.

குச்சி. சிவப்பு, வெள்ளை, நெஞ்சுயரம். தலையில் நீல நூல். என் இடது கையிலும் அதே குச்சி. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்த்தேன். பால் வண்டிக் குச்சியின் நூலில் மட்டும், சருகாகிப்போன பழைய பூவின் காம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. தொலைந்துபோன குச்சி. போன இடத்திலிருந்து திரும்பி வந்திருந்தது.

அப்பா கீழ்முனையில் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் இரண்டு கைகளையும் பார்த்தார். கொடி தானாகக் கீழே இறங்கியது.

“யாருக்காவது...” என்றார்.

“இல்ல. இது எப்பலேர்ந்து உங்ககிட்ட இருக்கு?”

“அந்த கார்க்காரரு மறுநாளே கொண்டாந்து குடுத்துட்டாரும்மா. மன்னிச்சுக்கங்க பெரியவரேன்னு கையப் புடிச்சாரு. நல்ல மனுசன்.”

“நல்ல மனுசன்தான். வாங்கி என்ன பண்ணீங்க? இந்த ஷெட்டுல ஒளிச்சு வெச்சீங்களா?”

“ஒளிக்கல. இருக்கட்டுமேன்னு வெச்சேன். ஆத்தர அவசரத்துக்கு ஆகும்னு.” கொடிக்கம்பை முட்டியில் சாய்த்துக்கொண்டார். “இன்னிக்கிக் குச்சி வரல. எவ்வளவு நேரம் பாக்கறது? பின்னாடி ஹாரன் அடிக்கறான், திட்டறான். மறுபடி எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்னு நெனச்சேன். மறுபடி தொலைஞ்சதுன்னு தெரிஞ்சா அந்தாளு உங்கம்மாவ வீட்டுக்கு அனுப்பிடுவான். இத அனுப்பிட்டா யாருக்கும் தெரியாதுல்ல?”

“குச்சி வரலன்னா நடந்து பாக்கணும். அதான விதி?”

 அப்பா தன் முட்டியைப் பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. நடக்க முடியாத மனிதரை நடக்கச் சொல்லி நிறுத்தியிருந்தோம். குச்சியைத் திருப்பிக் கொடுத்தவர் நல்லவர். வைத்துக்கொண்டவர் பெண்டாட்டிமேல் ஒரு வார்த்தை விழக் கூடாது என்று நினைத்தவர். ஒருத்தர்கூடக் கெட்டவரில்லை. எல்லாருடைய நல்ல மனசும் சேர்ந்து பெரியக்காவின் முதுகில் ஏறப் பார்த்தது.

“இத ஒடைங்கப்பா. என் கண்ணு முன்னாடி ஒடைங்க.”

பழைய குச்சியை வாங்கிக்கொண்டார். கட்டை விரலால் தடவினார். “நல்ல மரத்த யாராவது ஒடைப்பாங்களா?” என்றார், ரொம்ப மெதுவாக.

ஜீப் வந்து நின்றது. மேனேஜர் இறங்கி விஷயத்தைக் கேட்டார். “அடி கிடி ஒண்ணும் இல்லையே? அப்ப வேலயப் பாருங்க. ரெண்டு குச்சி இருக்கறதுல என்ன மேடம் தப்பு? ஒண்ணு போனா ஒண்ணு. நல்ல ஐடியாதான?”

“சார், ஒத்தையாப் போற பாலம்னு வெச்சுக்கங்க. அந்தக் கரையில ஒருத்தன்கிட்ட ‘யாரும் இல்ல வா’ங்கறோம், இந்தக் கரையில ஒருத்தன்கிட்ட ‘யாரும் இல்ல வா’ங்கறோம். அதுதான் ரெண்டு குச்சி. ஒண்ணே ஒண்ணு இருக்கறதுனாலதான் அதுக்கு மதிப்பு. ரெண்டு ஆயிட்டா அது வெறகு.”

 மேனேஜருக்குப் புரிந்துவிட்டது என்று முகம் வெளுத்ததில் தெரிந்தது. உடனே குரல் ஏறியது. “அப்ப இதச் செஞ்சது யாரு?”

ஆமையும் மற்றவர்களும் அதற்குள் இறங்கி வந்திருந்தார்கள். எல்லாரும் மேகத்தைப் பார்த்தார்கள். டேங்கர்காரர்மேல் போட்டுவிட்டால் முடிந்தது. அவர் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள்? என் நாக்கின் நுனிவரை அந்தப் பொய் வந்து நின்றது. வந்தது வந்த வழியே போகட்டும் என்று விழுங்கினேன். நான் பொய் சொன்னால் நாளைக்கு ஷெட்டில் வேறொருவர் ஒரு குச்சி வைப்பார், இதே நல்ல மனசோடு.

“எங்கப்பா” என்றேன். “கொடியிலேர்ந்து அவர எடுத்துடறேன். இப்பவே. நான் எடுக்கறேன், நீங்க இல்ல. ஷெட்டுல தச்சு வேல இருக்கு, அவரு அங்க உக்காரட்டும். இங்க நல்ல காலுள்ள ஒரு ஆளப் போடுங்க. வாக்கி டாக்கி குடுங்க. அது வர்ற வரைக்கும் வேல நிக்குது.”

“நிக்குதுன்னு சொல்ல நீ யாரும்மா?”

“நீங்கதான் சார் என்ன வெச்சீங்க. வேலய நிறுத்தற அதிகாரம் என் கையெழுத்துக்கு இருக்கு. அத வேண்டாம்னு நெனச்சிருந்தா வெச்சிருக்கக் கூடாது.”

“எனக்கு இஞ்சின் சூடாயிடுச்சு சார்” என்றார் ஆமை. ரோலர் காலையிலிருந்து ஒரு அடி நகரவில்லை. “ஆற ரொம்ப நேரம் ஆகும்போல.”

“எனக்கு மண்வெட்டி இல்ல” என்றாள் பெரியக்கா.

மேகத்துக்குள்ளிருந்து அம்மா வந்தாள். குச்சியும் வராமல் வண்டியும் வராமல் போகவே, மேலே தடுப்பைப் போட்டுவிட்டு, விதிப்படி மொத்த ரோட்டையும் நடந்து பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். வழியில் சாய்ந்த கோன்கள், வளைந்த மண்வெட்டி எல்லாம் பார்த்திருக்கிறாள். அப்பா கையில் இருந்த குச்சியையும் காம்பையும் பார்த்தாள். கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“எனக்காகவா?”

அப்பா தலையைக் குனிந்தார்.

“திட்டு வாங்கினா நான் ரெண்டு நாள்ல மறந்துடுவேன்யா. பெரியக்கா போயிருந்தா யாரு கொண்டாருவா, கார்க்காரரா?”

நான் அப்பா கையிலிருந்து கொடியை வாங்கினேன். இழுக்க வேண்டியிருக்கவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. என் வேலையில் நான் செய்ததிலேயே கனமான வேலை அதுதான். கொடி ஒரு துணி, ஒரு கம்பு. அவ்வளவு கனம் எங்கிருந்து வந்ததோ.

வாக்கி டாக்கி வந்துவிட்டது. வராது வராது என்றவை, வேலை நின்றதும் ஒரே நாளில் வந்துவிட்டன. பெரியக்காவுக்குப் புது மண்வெட்டி வந்தது. கீழ்முனைக்கு, காலையில் ஓடுகிற பழக்கம் உள்ள ஓர் ஆள் வந்தார். குச்சியை நான் எடுக்கவில்லை. வாக்கி டாக்கி பேட்டரி போனாலும் போகும், குச்சிக்குப் பேட்டரி இல்லை. பேச்சும் வர வேண்டும், குச்சியும் வர வேண்டும். இரண்டும் வந்தால்தான் வழி.

அப்பா கீழ்முனை ஷெட்டில் எச்சரிக்கைப் பலகைகளுக்குச் சட்டம் அடித்தார். என்னோடு பேசவில்லை. வீட்டில் தட்டை என் பக்கம் நகர்த்துவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். பழைய குச்சி கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. ஒரு நாள் பார்த்தபோது அங்கே இல்லை. கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு சண்டை.

மறுநாள் காலை நான் மேல்முனையில் அம்மாவோடு நின்றேன். மேகம் இருந்தது. வாக்கி டாக்கியில் கீழ்முனைக்காரர், “கடைசி வண்டி பால் வண்டி. குச்சியோட இன்னொண்ணும் வருது” என்றார். விளக்குகள் ஒவ்வொன்றாக வண்டியாக மாறித் தாண்டிப் போயின. பால் வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் முதலில் குச்சியைக் கொடுத்தார். தலையில் மஞ்சள் பூ இருந்தது, ரொம்ப நாளைக்கு அப்புறம். பிறகு பின்னால் திரும்பி, ஒரு முக்காலியை எடுத்து நீட்டினார்.

சின்ன முக்காலி. உட்காரும் பலகை மழமழவென்று இழைத்தது. மூன்று கால்களும் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தவை. ஒரு காலில், ஆணிக்குப் பக்கத்தில், நீல நூல் சுற்றியிருந்தது.

அம்மா அதைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், மேட்டோரமாக வைத்தாள். உட்காரவில்லை. பூவைத் தலையில் செருகிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“கொடி புடிக்கறவங்க உக்காரலாமா? சட்டம் என்ன சொல்லுது?”

“வண்டி ஓடும்போது உக்காரக் கூடாது.”

“இப்ப ஓடலையே?”

“உக்காரும்மா.”

அம்மா உட்கார்ந்தாள். முக்காலி ஆடவில்லை. குச்சியை மடிமேல் குறுக்காக வைத்துக்கொண்டாள். எங்களுக்குக் கீழே எங்கேயோ, வெள்ளைக்குள், ஆமை யாரையோ கிண்டல் செய்கிற சத்தமும் பெரியக்கா மண்வெட்டியால் தட்டுகிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. தட், தட், தட்.